ரேஷன் கார்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள்

ஒரு தொழில், அதோடு இங்கிலீஷ், கம்ப்யூட்டர், முடிவில் வேலை. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காசில்லாமல் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர்தான் வாயில் நுழையாது: தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா. ஆபீசில் டிடியு-ஜிகேஒய் என்றால் தெரியும். 2014இல் ஒன்றிய அரசு தொடங்கியது. இங்கே மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கம்தான் இதையும் பார்க்கிறது.

வயது 15 முதல் 35 வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. இதில் சிக்கல் வராது. ‘ஏழைக் குடும்பம்’ என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

போன வருடம் ஒரு பெண்ணோடு யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்தார். என்பிஹெச்ஹெச் என்று இருந்தது. "முன்னுரிமை இல்லாத கார்டும்மா, உனக்கு வராது" என்றார். கார்டை நீட்டிய கை இறங்குவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் சொன்னது பாதி விதி. முன்னுரிமை கார்டோ அந்தியோதயா கார்டோ இருந்தால் தகுதி உண்டு, சரி. ஆனால் அது ஒரு வழிதான். வீட்டில் யாராவது ஊரக வாழ்வாதார இயக்கத்தின் மகளிர் குழுவில் இருந்தாலும் தகுதிதான். முந்தைய நிதியாண்டில் வீட்டில் ஒருவர் 100 நாள் வேலையில் 15 நாள் வேலை செய்திருந்தாலும் தகுதிதான். ஊரில் எடுத்த மக்கள் நிலை ஆய்வில் ஏழை என்று பெயர் இருந்தாலும் போதும். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி, எல்லாம் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் அம்மா பல வருடமாகக் குழுவில் இருக்கிறார். மறுநாள் குழுப் பாஸ்புக்கோடு போனோம், அதே மேசையில் பெயர் பதிந்தார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதற்கு யார் கணக்கு வைப்பது?

அதனால் முதல் தடவையே குழுப் பாஸ்புக் நகலையும் 100 நாள் வேலை அட்டை நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வேலை நாட்களைப் பதியாமல் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் கம்ப்யூட்டர் சென்டரில் அட்டை எண்ணைக் கொடுத்து, நாள் கணக்கு வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தொல்லை பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், டிசியில் பின்னால், பேங்க் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. இதைச் சாக்காக வைத்தே வாரக்கணக்கில் அலையவிடுவார்கள். போவதற்கு முன்பே ஆதாரைச் சரிசெய்துவிடுவது நல்லது. பேங்க் கணக்கு சும்மா கிடந்து முடங்கியிருக்கிறதா, ஆதார் அதில்தான் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி பயிற்சி நிலையம். பயிற்சியை நடத்துவது அரசு அனுமதித்த நிறுவனங்கள். சேரும்போது டெபாசிட், யூனிபார்ம் காசு, ஹாஸ்டல் அட்வான்ஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தங்கிப் படிக்கும் பயிற்சியில் சாப்பாடும் தங்குமிடமும் திட்டத்துச் செலவு. ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. வேலை பிடிக்காமல் கிளம்பும்போது அதுதான் உங்களைக் கட்டிப்போடும் கயிறு.

இங்கிலீஷ், கம்ப்யூட்டர், நாலு பேரோடு பழகும் பயிற்சி எல்லாம் சேர்த்து 160 மணி நேரமாவது நடத்த வேண்டும் என்பது 2016 விதி. நடைமுறையில் முதலில் வெட்டுவது இதைத்தான். நான் பார்த்த ஒரு நிலையத்தில் கீபோர்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் மௌஸ் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்த முதல் வாரமே கால அட்டவணையைக் கேட்டுப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நடக்காத நாளைத் தேதியோடு குறித்துவையுங்கள்.

வேலை என்று துணிக்கடையில் நிற்கவைத்தால் மலைக்காதீர்கள், ஆனால் பணி ஆணையைக் கையில் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அதில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் அதே விதியில் இருக்கிறது: சொந்த மாவட்டத்தில் என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் 3, வெளிமாநிலத்தில் 6. கேட்காதவர்களுக்கு இது வந்து நான் பார்த்ததில்லை.

‘இப்போ பேட்ச் இல்லை, அப்புறம் வா’ என்றால் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். தகுதி இல்லை என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம், அதற்கு மேல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் அந்த வரிசையை விட்டு நகராதீர்கள்.