ஒரு ஆல்பத்தில் விடாமல் கேட்க எந்த நாலு பாட்டு?

பத்துப் பாட்டு உள்ள ஆல்பம். நடுவில் எதையும் தாண்டக் கூடாது, அடுத்தடுத்து வருபவற்றை மட்டுமே எடுக்கலாம் என்றால் மிகச் சிறந்த தொடர் எது? ஒரு பாட்டாகவும் இருக்கலாம், பத்துமாகவும் இருக்கலாம். ஆக மொத்தம் 55 தொடர்கள். அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டாம். பட்டியலை மேலிருந்து கீழே ஒரே முறை படித்தால் போதும்.

முதலில் மார்க். பாடல்களை வரிசை கலைத்துக் கேட்டுப் போடுங்கள். அபாரமான பாட்டுக்கு அடுத்து வருவது, நல்லதாக இருந்தாலும், சுமாராகக் காதில் விழும். பத்துக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 7, 9, 4, 8, 8, 6, 9, 3, 8, 7.

இதை அப்படியே கூட்டினால் எப்போதும் முழு ஆல்பமே ஜெயிக்கும்; 3 மார்க் பாட்டும் கூட்டுத்தொகையை ஏற்றத்தானே செய்கிறது! சராசரி எடுத்தாலோ 9 வாங்கிய ஒற்றைப் பாட்டை எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரு பாஸ் மார்க் வேண்டும். 7 என்று வைத்து ஒவ்வொன்றிலும் கழித்தால் 0, 2, -3, 1, 1, -1, 2, -4, 1, 0. இப்போது மோசமான பாட்டைச் சகித்துக்கொள்வதற்கு ஒரு விலை வந்துவிட்டது.

இனி கையிருப்பைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் பாட்டில் 0, இரண்டாவதில் 2, மூன்றாவதில் -1. கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போன அந்த நொடியே பழையதை உதறிவிட்டு அடுத்த பாட்டிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். கடனைச் சுமந்துகொண்டு போய் எந்தத் தொடரும் லாபம் பார்க்காது. முழு முறையும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. நான்காவதில் 1, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1, ஏழாவதில் 3. எட்டாவது -1க்கு இழுத்துவிடுகிறது; மறுபடி உதறல். ஒன்பதும் பத்தும் 1-ஐத் தாண்டவில்லை. உச்சம் 3, அதாவது நான்கு முதல் ஏழு வரை. பாஸாகாத ஆறாவது பாட்டு உள்ளே இருக்கிறது, 9 வாங்கிய இரண்டாவது வெளியே நிற்கிறது. ஆறாவதைக் கடக்கக் கையில் 2 இருந்தது. மூன்றாவதைக் கடக்க அந்த 2 போதவில்லை.

1977-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உல்ஃப் கிரனாண்டர் டிஜிட்டல் படங்களில் வடிவங்களைத் தேடும்போது எழுந்த கணக்கு இது. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜோசப் கடேன் ஒரு கருத்தரங்கில் கேள்விப்பட்டு, ஒரு நிமிடத்துக்குள் இந்த ஒரே நடைத் தீர்வை வகுத்தார். பாட்டு பத்தென்றால் எப்படிப் போட்டாலும் சரிதான். ஆனால் ஆயிரம் எண்கள் என்றால் 5,00,500 தொடர்கள். அங்கேதான் அதன் அருமை தெரியும்.

நிரலாக எழுதும்போது ஒரு பிழை அடிக்கடி வரும். உச்சத்தின் தொடக்க மதிப்பை 0 என்று வைத்தால், எல்லாப் பாட்டும் ஃபெயிலாகும்போது ‘எதுவுமே வேண்டாம்’ என்று விடை வரும். முதல் பாட்டின் மதிப்பையே தொடக்கமாக வையுங்கள்.

பாஸ் மார்க்கை அசட்டையாக வைக்காதீர்கள். அதை 6 ஆக்கினால் முதல் ஏழு பாட்டும் ஒரே தொடராகி 9 எடுக்கின்றன. முழு ஆல்பமும் அதே 9. சமமாக வந்தால் சின்னத் தொடரை எடுப்பது நல்லது. 8 ஆக்கினால் இரண்டாவது அல்லது ஏழாவது தனியாக நிற்கும். பாஸ் மார்க் 7-க்கே திரும்பி, ஒவ்வொரு மதிப்பையும் பாட்டின் நிமிடத்தால் பெருக்கி நீளத்தையும் கணக்கில் எடுக்கலாம்: நான்கும் ஐந்தும் தலா 4 நிமிடம், ஆறாவது 9 நிமிடம் என்றால், 8 கையிருப்பில் 9 போய்த் தொடர் அங்கேயே அறுந்துவிடும்.

எல்பி இசைத்தட்டு என்றால் ஐந்தாவதோடு பக்கம் முடிகிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனிப் பட்டியலாகவே போட வேண்டும். தட்டின் விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அங்கே உச்ச சுருதிகள் சிதையும் என்பதால் மென்மையான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது வழக்கம். அதற்கு மார்க் போடும்போது இதை மனதில் வையுங்கள்.

ரிப்பீட்டில் ஓடவிட்டால் பத்துக்கு அடுத்து ஒன்று வரும். அப்போது மிக மோசமான தொடரைக் கண்டுபிடித்து மொத்தத்திலிருந்து கழியுங்கள். பாஸ் மார்க் 7 என்றால் இங்கே மொத்தம் -1. மூன்று முதல் எட்டு வரை -4. மிஞ்சும் 9, 10, 1, 2 ஆகிய நான்கும் சேர்ந்து 3 எடுக்கின்றன, நான்கு முதல் ஏழு வரை எடுத்த அதே 3.