கழித்துப் படித்த ஒன்றரை கிலோ

விடுமுறை முடிந்த மறுநாள் காலை, ஓர் அரிசி ஆலையின் பாய்லர் அறைக்குப் போயிருந்தேன். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. பாய்லரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜின் முள் பூஜ்யத்தில் இல்லாமல் ஒன்றரையில் நிற்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"அது எப்பவும் ஒன்றரை கிலோ கூடத்தான் காட்டும் தம்பி. நாங்க கழிச்சுப் படிச்சுக்குவோம்" என்றார் ஆபரேட்டர்.

ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு கிலோ எடை உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ, அதைத்தான் பாய்லர் அறைகளில் 'ஒரு கிலோ' என்கிறார்கள். ஒன்றரை கூடினால் ஒன்றரையைக் கழிப்பது கேட்பதற்குச் சரியாகத்தான் படும். அதில் உள்ள ஆபத்து, கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

திருவிழாக் கடைகளில் ஒரு காகித ஊதல் விற்பார்கள். ஊதினால் சுருள் பிரிந்து நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். கேஜுக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். தட்டையாக நசுக்கி, கதிர் அரிவாள் போல வளைத்த ஒரு வெண்கலக் குழாய். அதன் ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனை வழியாக அழுத்தம் ஏறும்போது தட்டைக் குழாய் உருண்டையாகப் பார்க்கும், அதனால் வளைவு கொஞ்சம் நிமிரும். மூடிய முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு நகர்வைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைச் சுற்றுகின்றன. பாரிஸில் யூஜின் போர்டன் 1849-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான பாய்லர்களில் இதுதான்.

ஆக, முள் காட்டுவது உலோகம் எவ்வளவு நிமிர்ந்தது என்பதை. தாங்கும் அளவுக்கு மேல் ஒருமுறை நிமிர்ந்துவிட்ட குழாய் பழைய வளைவுக்குத் திரும்பாது. அப்படிப்பட்ட குழாயின் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அந்தக் கேஜைக் கழற்றி, எடைக்கற்களை அடுக்கி அழுத்தம் உண்டாக்கும் சோதனைக் கருவியில் பொருத்திப் பார்த்தோம். நிஜ அழுத்தம் 4 கிலோ இருக்கும்போது 5.2 காட்டியது. 8 கிலோவில் 8.8. கீழே ஒன்றரை கிலோ பிழை, மேலே போகப் போகச் சுருங்குகிறது. முள் 8.8-ல் நிற்கும்போது ஆபரேட்டர் 7.3 என்று நினைத்துக்கொண்டிருப்பார். உள்ளே 8 கிலோ இருக்கும். கழிக்கக் கழிக்க, ஆபத்தான பக்கமே சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பல கேஜ்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முள்ளைத் தடுக்க ஒரு சின்ன ஊசி இருக்கும். அப்படிப்பட்டதில் முள் குறைத்துக் காட்டினாலும் தடுப்பில் சாய்ந்து நல்ல பிள்ளையாக பூஜ்யத்தில் நிற்கும். எனக்கு அதைப் பார்த்தால்தான் கூடுதல் பயம்.

சரி, புதிதாக எதை வாங்குவது? அந்தப் பாய்லருக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 10 கிலோ. அதைப்போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை முகப்பில் எண் உள்ள கேஜ் பொருந்தும். 0–16 எடுத்தோம். பெரியதாக இருக்கட்டும் என்று 0–100 வாங்குகிறவர்கள் உண்டு. கேஜில் ஒரு சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்தால், அது முழு முகப்பில் ஒரு சதவீதம். 0–16-ல் அது 0.16 கிலோ. 0–100-ல் ஒரு முழுக் கிலோ.

இன்னொன்று, கேஜுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி வரும் சைஃபன் குழாய். அழகுக்காக வளைத்ததில்லை. 7 கிலோ நீராவியின் வெப்பம் கிட்டத்தட்ட 170 டிகிரி. அது வெண்கலக் குழாய்க்குள் நேரே போனால் உலோகத்தின் விறைப்பு மாறும், பற்றவைத்த இடங்கள் இளகும். சைஃபன் வளைவில் தேங்கும் தண்ணீர் அழுத்தத்தை மட்டும் மேலே விட்டு, சூட்டை நிறுத்திவிடும். புது கேஜ் மாட்டும்போது அந்த வளைவில் கையால் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அங்கே அதை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. பழைய கேஜ் கெட்டதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

கேஜ் வெறுமனே சொல்லும். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் காப்பாற்ற சேஃப்டி வால்வு வேண்டும். ஸ்பிரிங் ஒரு தட்டைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். நீராவி அதை மயிரிழை தூக்கியதும் தட்டின் அகலமான விளிம்புக்கு அடியிலும் பரவும். தள்ளும் பரப்பு திடீரென்று கூடுவதால் வால்வு கசிந்துகொண்டிருக்காமல் 'டப்'பென்று முழுசாகத் திறக்கும். அழுத்தம் கொஞ்சம் இறங்கிய பிறகே மூடும்.

இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பைப் சைஸ் மட்டும் கேட்கிறார்கள். பாய்லர் மணிக்கு 2 டன் நீராவி தரும் என்றால், அந்த 2 டன்னையும் வெளியேற்றும் திறன் வால்வுக்கு இருக்க வேண்டும். நீராவி போகும் எல்லா லைனும் மூடியிருந்து அடுப்பு மட்டும் எரியும் நிலைமை ஒரு நாள் வரலாம். பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வரக் கூடாது. கசிகிறது என்று ஸ்பிரிங்கை இறுக்குவது கொலைக்குச் சமம் என்றே சொல்வேன். 170 டிகிரியில் அடைபட்டிருக்கும் தண்ணீரை மூடியிருக்கும் வரை அழுத்தம்தான் கொதிக்கவிடாமல் வைத்திருக்கிறது. பாய்லரின் உலோக ஓடு கிழிந்தால் அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய 13 சதவீதம் கண நேரத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் நீராவி. அந்தப் பாய்லரில் ஆயிரக்கணக்கான லிட்டர் இருந்தது.

சைஃபனில் தண்ணீர் ஊற்றி, புது கேஜை மாட்டி, அடுப்பு மூட்டினோம். முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பியதை ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். 8 கிலோ வந்ததும் சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கினார். கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. கைப்பிடியை விட்டதும் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.