இருபதில் மூன்று: மஸ்கெட் ஏன் கைவிட்டது?

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர், தன் மஸ்கெட் வெடித்துச் சிதறிய கதையை எழுதியிருந்தார். நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்ஃபைண்டர் விளையாட்டில், அதன் முதல் பதிப்பில் நடந்தது அது. அவருடைய பாத்திரம் முதல் நிலை கன்ஸ்லிங்கர், அதாவது துப்பாக்கி வீரர். கையில் மஸ்கெட் என்ற பழங்கால நீளத் துப்பாக்கி, இடுப்புப் பையில் காகிதத் தோட்டாக்கள். முதல் சண்டையில் பகடை 3 காட்டியது, துப்பாக்கி பழுதானது. மறுமுறை 6 விழுந்தது, துப்பாக்கியே வெடித்துவிட்டது. "இரண்டு தடவையும் 1 விழவில்லையே, பிறகு எப்படி? நிஜத் துப்பாக்கி இவ்வளவு மோசமாகவா இருந்தது? அடுத்த பாத்திரத்தை எப்படி அமைப்பது?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்விகளும் ஒரே எண்ணில்தான் போய் முடிகின்றன. பாத்திரம் அமைக்கும்போது பெரும்பாலானோர் அந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை. சேதம் எவ்வளவு, எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மிஸ்ஃபயர் எண்: பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் துப்பாக்கி சுடாமல் பழுதாகிவிடும்.

விதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது முகப் பகடையை உருட்டி, தாக்குதல் திறனைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். 2011-இல் இந்த விளையாட்டுக்குள் கன்ஸ்லிங்கர் வந்தபோது ஒரு விசேஷச் சலுகையும் கூடவே வந்தது. பழைய வகைத் துப்பாக்கி, தன் முதல் தூர எல்லைக்குள் (பிஸ்டலுக்கு 20 அடி, மஸ்கெட்டுக்கு 40 அடி) இரும்புக் கவசத்தையும் தடித்த தோலையும் கணக்கில் எடுப்பதில்லை. எதிரியைத் தொட்டாலே போதும். வளர்ந்த செந்நிற டிராகனின் கவச எண் 29. அதைத் தொடுவதற்கான எண் வெறும் 8. உடம்பு பெரிது, விலகத் தெரியாது, செதில்தான் அதன் முழுப் பலம். தாக்குதல் திறன் 15 உள்ள வில்லாளி 14 அல்லது அதற்கு மேல் உருட்டியாக வேண்டும். அதற்கு வாய்ப்பு 35 சதவீதம். அதே திறனுள்ள துப்பாக்கிக்காரருக்கு எந்த எண் விழுந்தாலும் கணக்குக்குப் போதும். அவருடைய குறி தப்புவதற்கு டிராகன் காரணமாக முடியாது, கையிலுள்ள துப்பாக்கி மட்டும்தான் காரணமாக முடியும்.

ஆகவே மிஸ்ஃபயர் எண். பிஸ்டலுக்கு 1. மஸ்கெட்டுக்கு 1 அல்லது 2. காகிதத் தோட்டா போட்டால் வெடிமருந்து திணிக்கும் நேரம் குறையும், ஆனால் மிஸ்ஃபயர் எண் ஒன்று கூடும். வாசகரின் மஸ்கெட்டுக்கு அது 3 ஆகிவிட்டது. 3 விழுந்தது, பழுதானது. பழுதான துப்பாக்கிக்கு இன்னும் 4 கூடும், அதாவது 7 வரை ஆபத்து. 6 விழுந்தது. பழுதான நிலையில் மீண்டும் மிஸ்ஃபயர் ஆனால் பழைய துப்பாக்கி வெடிக்கும் என்பது விதி. முதல் படிக்கு 15 சதவீதம், அடுத்ததற்கு 35 சதவீதம், பெருக்கினால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். இருபது பேர் இப்படி அடுத்தடுத்து இரண்டு முறை சுட்டால் ஒருவர் துப்பாக்கியை இழப்பார். அந்த ஒருவராக நம் வாசகர் அமைந்துவிட்டார்.

இனி நிஜத் துப்பாக்கி. இங்கேதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

1834-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் ஒரு சோதனை நடந்தது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளையும், தட்டினாலே பற்றும் தொப்பி வைத்த புதிய துப்பாக்கிகளையும் வகைக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி வகை 922 முறை சுடவில்லை. வகுத்துப் பாருங்கள்: 15.4 சதவீதம். காகிதத் தோட்டா போட்ட மஸ்கெட்டுக்கு விளையாட்டு தரும் எண் இருபதில் மூன்று, அதாவது 15 சதவீதம். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இந்தச் சோதனையைப் பார்த்து எண்ணை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேகம் வேண்டுமானால் நம்பகத்தைக் கொடு என்ற பேரம்தான் அவர்களுடைய கணக்காக இருக்க வேண்டும். ஆனாலும் பகடையின் மூன்று முகங்கள் உல்விச் மைதானத்தின் எண்ணோடு இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஏன் ஆறில் ஒரு முறைக்கு நெருக்கமாகச் சுடாமல் போனது? சக்கிமுக்கிக் கல்லைத் தட்டினால் கல்லிலிருந்து பொறி பறக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் எரிவது கல் அல்ல, இரும்பு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் 'குதிரை' எனப்படும் சுத்தி முன்னால் பாய்கிறது. அதன் வாயில் கவ்வியிருக்கும் கல்லின் கூர் விளிம்பு எஃகுத் தகட்டைச் சீவி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகளைப் பெயர்க்கிறது. இரும்பு காற்றில் துருப்பிடிக்கும் என்பது பள்ளிப் பாடம். துருப்பிடித்தலும் ஒருவகை மெதுவான எரிதல்தான், அதிலும் வெப்பம் வெளியாகிறது. ஆணியில் அந்த வெப்பம் உள்ளே பரவி ஆறிவிடும். தூசு அளவுத் துணுக்கில் எடை மிகக் குறைவு, அந்த எடைக்குப் பரப்பு மிக அதிகம். சீவும்போது ஏற்கெனவே சூடேறிய துணுக்கை ஆக்சிஜன் எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்கிறது, பிறக்கும் வெப்பத்துக்குப் போக இடமில்லை. ஒரு நொடிக்குள் வெண்சூடாகி எரிகிறது. தீபாவளிக் கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்ப் பறப்பதும் இப்படி எரியும் இரும்புத்தூள்தான். செல் என்ற சொல்லைத் தந்த அதே ராபர்ட் ஹூக், பொறிகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் விழவைத்து நுண்ணோக்கியில் பார்த்து 1665-இல் எழுதியிருக்கிறார். மெருகேறிய சின்னஞ்சிறு உருண்டைகளைக் கண்டார். ஒன்றில் அவர் அறைச் சன்னலே பிரதிபலித்தது. இரும்பு உருகித் துளியாகி உறைந்திருக்கிறது!

இந்தப் பொறி இன்னும் எவ்வளவோ வேலை செய்தாக வேண்டும். குழலுக்கு வெளியே உள்ள சிறு கிண்ணியில் தூவிய மருந்தின் மேல் விழ வேண்டும். கிண்ணி மருந்து பற்ற வேண்டும். அந்தச் சுடர் குழலின் பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே நுழைய வேண்டும். உள்ளிருக்கும் கருமருந்து எரிய வேண்டும். இது ஒரு சங்கிலி. கல் மழுங்கினால் முதல் கண்ணி அறும். ஈரக்காற்று அடித்தால் இரண்டாவது. கரி அடைத்தால் மூன்றாவது. நான்கு கண்ணிகள் என்று வையுங்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 96 முறை சரியாக வேலை செய்கிறது என்றும் வையுங்கள். தனித்தனியே பார்த்தால் அருமையான எண். நான்கையும் பெருக்கினால் 85 சதவீதம்தான் மிஞ்சும். மீதி 15. இருபதில் மூன்று!

இது என் கற்பனைக் கணக்கு, உல்விச்சில் ஒவ்வொரு கண்ணியையும் தனியாக எண்ணியதாகச் சொல்லவில்லை. ஆனால் சங்கிலிகள் இப்படித்தான் தோற்கின்றன. ஒரு கண்ணியும் மோசமில்லை, சங்கிலி மட்டும் மோசம்.

இதே பெருக்கல் பாத்திரத்தின் வளர்ச்சிக்கு எதிராகவும் திரும்புகிறது. 11-ஆம் நிலையில், வேகச் சுடுதல் திறனும் இருந்தால், ஒரே சுற்றில் நான்கு முறை சுடலாம். (விளையாட்டில் ஒரு சுற்று ஆறு நொடி. நிஜத்தில் பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் அதிகம்.) ஒவ்வொரு குண்டுக்கும் 15 சதவீத ஆபத்து என்றால், நான்கில் ஒன்றாவது சுடாமல் போக 48 சதவீத வாய்ப்பு. திறமை கூடக் கூட, ஒரு சண்டையில் துப்பாக்கி பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. பழுதான பிறகும் பிடிவாதமாக நான்கையும் சுட்டு முடித்தால், 5-ஆம் நிலையில் கிடைக்கும் பயிற்சி (4-க்குப் பதில் 2 மட்டும் கூடும்) இருந்தும், அந்த ஒரே சுற்றில் வெடிக்கும் வாய்ப்பு 17 சதவீதம்.

ஆக, அடுத்த பாத்திரத்துக்கு என் யோசனை. திறமைப் புள்ளிகளை முதலில் சுறுசுறுப்புக்குக் கொடுங்கள், அடுத்தது அறிவுக்கூர்மைக்கு அல்ல, விவேகத்துக்கு. கன்ஸ்லிங்கர் தன் சிறப்புச் செயல்களுக்குச் செலவழிக்கும் கிரிட் புள்ளிகள் விவேகத்திலிருந்துதான் வருகின்றன. மஸ்கெட்தான் வேண்டுமென்றால் மஸ்கெட் மாஸ்டர் கிளையைப் பிடியுங்கள். வேகமாகத் திணிக்கும் திறன் அதில் தானாகவே வரும். மந்திரம் ஏற்றப் பணம் சேர்ந்ததும் மிஸ்ஃபயர் எண்ணில் ஒன்றைக் குறைக்கும் 'நம்பகம்' பண்பை வாங்குங்கள். மேலே சொன்ன 17 சதவீதம் 10-க்குக் கீழே இறங்கும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காப்பு ஒரு காசு செலவில்லாதது: பழுதானால் சுடுவதை நிறுத்துங்கள். ஒரு கிரிட்டைச் செலவழித்து, நகர்வதற்கு உரிய நேரத்தில் பழுதை நீக்கிவிட்டு, திணிக்க நேரம் மிஞ்சினால் அதே சுற்றில் ஒரு குண்டு சுடலாம். வெடிக்கும் வாய்ப்பு பூஜ்யம். அந்த ஒரு கிரிட்டை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள்.

நிஜப் போர்க்களத்திலும் ஆபத்து இந்த இடத்தில்தான் இருந்தது. 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர் முடிந்தபின் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 24,000 குண்டு திணித்தபடியே கிடந்தன. அதிலும் சுமார் பாதியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள் இருந்தன. பேரிரைச்சலில் தன் துப்பாக்கி சுட்டதா இல்லையா என்றே தெரியாமல், மறுபடி திணித்திருக்கிறார்கள் அந்தப் பையன்கள். அவற்றைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

வாசகர் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'அந்தப் பகடைக்கு ராசியில்லை, மாற்றிவிட்டேன்.' தம்பி, இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எகிப்தில் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க எழுத்துகள் பொறித்துச் செய்த இருபது முகப் பகடைகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலம் முதல் இன்றுவரை எந்தப் பகடையும் தன் முந்தைய உருட்டலை நினைவில் வைத்ததில்லை. பகடையின் மேல் சந்தேகம் இருந்தால் ஐந்நூறு முறை உருட்டி எழுதிப் பாருங்கள். கோணலாக வார்த்த பகடை அதில் மாட்டிக்கொள்ளும், ராசி மாட்டாது. உல்விச்சில் செய்ததும் இதுதான், தோல்வியைப் பொறுமையாக எண்ணினார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்பவருக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணம், இருப்பது எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

உல்விச்சின் மறுபாதியைச் சொல்லவில்லையே. தொப்பி வைத்த துப்பாக்கி 6,000-த்தில் 36 முறை மட்டுமே கைவிட்டது, சுமார் 166-க்கு ஒன்று. பறவை வேட்டையில் ஆர்வம்கொண்ட ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை பெற்ற யோசனையின் வழிவந்தது அது. பொறியும் கிண்ணியும் போய், ஓர் அடியில் பற்றும் ரசாயனம் வந்தது. சங்கிலி குட்டையானது. இருபது முகப் பகடையால் இந்த எண்ணைக் காட்ட முடியாது, அதன் மிகச் சிறிய படியே 5 சதவீதம். உங்கள் கதையில் அப்படியொரு துப்பாக்கி வந்தால், ஆட்டத்தை நடத்துபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 1 விழுந்தால் உடனே எட்டு முகப் பகடையையும் உருட்டுவது, அதிலும் 1 விழுந்தால் மட்டுமே மிஸ்ஃபயர். இருபதை எட்டால் பெருக்கினால் 160.