பழம் போட்டால் அடுப்பு ஏன் அணைகிறது?

பர்மாவில் தட்டோன் பக்கம் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு சாண எரிவாயுத் தொட்டி உண்டு. நாலு மாடு, நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோ சாணம். அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றினால் வீட்டுச் சமையல் ஓடிவிடும்.

வைகாசியில் சந்தையில் விலைபோகாத ரம்புத்தானும் மாம்பழமும் நாலு கூடை கிடைத்தன. "பழத்துல சத்து அதிகம் பெரியப்பா, கேஸ் பிச்சுக்கிட்டு வரும்" என்று நான்தான் ஏற்றிவிட்டேன். மொத்தமாகக் கொட்டினோம். மறுநாள் வாயு நிறையவே வந்தது. எரியத்தான் இல்லை. குச்சியைக் காட்டினால் நீலச்சுடர் பர்னரை விட்டு ஒரு விரல்கடை எழும்பி, அணைந்துபோகும்.

தொட்டிக்குள் காற்று புகாது. அங்கே நுண்ணுயிர்கள் கைமாற்றி வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் நாரையும் மாவுச்சத்தையும் சர்க்கரையாக உடைக்கும். அடுத்தது அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். கடைசிக் கூட்டம்தான் எரிகிற வாயுவான மீத்தேனைத் தருவது. அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை. மாட்டு வயிற்றிலேயே குடியிருப்பதால் சாணத்தோடு தானாக வந்துவிடுகிறது.

அமிலக் கூட்டம் இட்லி மாவு ரகம்: ஒரே ராத்திரியில் பொங்கிவிடும். ஆர்க்கியா பெருகவோ நாள்கணக்காகும். சாணத்து நார் மெதுவாக உடைவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. பழத்தில் சர்க்கரை தயாராக இருக்கிறது, அமிலம் குவிகிறது. அமிலம் ஏற ஏற இறங்கும் பிஹெச் அளவு, 7-ஐ ஒட்டி இருக்கவேண்டியது 6.5-க்குக் கீழே போனால் ஆர்க்கியா சுணங்கிவிடும். வழக்கமாக 60 சதவீதம்போல இருக்கும் மீத்தேன் குறைந்து, தீயை அணைக்கும் கார்பன் டை ஆக்சைடே மிஞ்சும். எங்கள் அடுப்பில் நடந்தது அதுதான்.

சரி, பழமே கூடாதா? கூடும். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். பழத்தில் நைட்ரஜன் குறைவு. சாணம் அதை ஈடுகட்டும், அமிலத்தையும் ஓரளவு தாங்கும். பத்து நாள் பழத்தை நிறுத்தி, பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து நாலு வாளி கரைசல் கடன் வாங்கி ஊற்றியதும் தேறியது. அந்தப் பத்து நாளும் விறகடுப்பை ஊதிக்கொண்டே பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை.

இப்போது நாலு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு பழம், பொடியாக நறுக்கி. ஆரஞ்சுத் தோல் மட்டும் சேர்ப்பதில்லை. அதன் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. டுரியான் தோலும் வேண்டாம். அதிலுள்ள லிக்னினை, அதாவது மரத்துக்கு உறுதி தரும் பொருளை, உடைக்க இந்தக் கூட்டத்தால் முடியாது. காயவைத்தால் விறகுக்கு உதவும்.