ஓட்டம் நடையானது எப்படி?

சிங்கப்பூரில் சீனம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "'ட்ஸோவ்' என்றால் நடப்பது என்று வகுப்பில் சொன்னார்கள். பழைய நூலில் அதே எழுத்துக்கு ஓடுவது என்று உரை இருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரி. பண்டைச் சீன அறிஞர் மென்சியஸ், லியாங் நாட்டு மன்னருக்குச் சொன்ன கதையில், போர்க்களத்திலிருந்து 50 காலடி ஓடியவன் 100 காலடி ஓடியவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்த ஓட்டம்தான் 'ட்ஸோவ்'. பிற்பாடு ஓடுவதற்கு 'பாவ்' வந்தது, 'ட்ஸோவ்' நடையாகிவிட்டது. தென் சீன மொழியான ஹொக்கியன் பேசும் பாட்டி யாரையாவது கேட்டுப் பாருங்கள், அவருக்கு அது இன்றும் ஓட்டம்தான்.

சொல்லின் பொருள் மாறுவது எல்லா மொழியிலும் உண்டு. என்னை மயக்குவது இலக்கணம் மாறிய விதம்.

கன்பூசியஸின் மகன் லி, தந்தை நின்றிருந்த முற்றத்தைக் கடந்து போகிறான். மூல வரி, இன்றைய உச்சரிப்பில்: "லி ச்யூ எர் குவோ திங்". 'ச்யூ' விரைதல், 'குவோ' கடத்தல், 'திங்' முற்றம். நடுவில் இருக்கும் 'எர்' இரு வினைகளையும் கோக்கிறது. தமிழில் அப்படியே வரும்: லி விரைந்து முற்றத்தைக் கடந்தான். விரைவு வினையெச்சமாக ஒதுங்கிவிட, கடத்தல் முற்றாக நிற்கிறது.

இன்றைய சீனத்தில் "பாவ் குவோ லாய்" என்பார்கள். ஓடு, கட, வா. 'எர்' உதிர்ந்துவிட்டது. ஹான் அரச மரபின் காலத்துக்கு (அது கி.பி. 220-இல் முடிந்தது) பிந்திய நூற்றாண்டுகளில் வினைகள் இப்படி ஒட்டி ஒட்டி நிற்கத் தொடங்கின. ஒட்டியதும் கேட்பவர் காதில் அவை ஒரே சொல்லாகின. ஓட்டம் முன்னுக்கு வந்தது, 'குவோ' திசை காட்டும் வாலாகி, அழுத்தமும் தொனியும் மெலிந்தது. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி மொழிகளை வகைப்படுத்தக் கேட்ட கேள்வியே இதுதான்: நகரும் பாதையைச் சொல்வது முதன்மை வினையா, அதன் வாலா? ஒரே மொழி 2,000 ஆண்டுகளில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்திருக்கிறது. எழுத்து மாறாததால் சீனமும் மாறவில்லை என்று நம்புகிறவர்கள் பலர். அது தவறு. இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க யாரோ பழைய ஏடுகளை வரி வரியாகப் படித்தாக வேண்டும். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அந்த வேலைக்கு நிதி மறுப்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது.

'குவோ' அதோடு நிற்கவில்லை. சாலையைக் கடக்க இன்றும் அதே சொல்தான். ஆனால் "ச்சீ குவோ" என்றால், முன்பே சாப்பிட்ட அனுபவம் உண்டு என்று பொருள். அதில் யாரும் எதையும் கடக்கவில்லை, காலம்தான் கடந்திருக்கிறது. நம் "உடைந்து போயிற்று" என்பதிலும் பானை எங்கும் போகவில்லையே, அதே மாதிரி.