தவிட்டோடு கழிந்து போவது

கிளிநொச்சி மாவட்டத்தில் உளநல கிளினிக் பார்க்கும் வைத்தியர் என்ற முறையில், நித்திரையையும் பசியையும் பற்றி விசாரிக்கும்போது, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் நான் தவறாமல் கேட்கிறேன். இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும், ஐம்பது வயதைக் கடந்த தாய் ஒருவர், பாணும் தேத்தண்ணியும் என்று முதற் கேள்விக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ர ஒருத்திக்காக அடுப்பு மூட்டுறதோ, டொக்டர்?" என்று கேட்டார்.

போரில் வீட்டாரை இழந்து தனித்துப்போனவர்கள் பலர் வாழும் வன்னியில், இந்தக் கேள்வியை நான் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். மனம் சோர்ந்தவர் சமைப்பதை விட்டுவிடுகிறார். சமைக்காத வீட்டில் கோதுமை மாவும் சீனியுமே உணவாகின்றன. அந்த உணவு சோர்வை மேலும் கூட்டக்கூடும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 70,000 பெண்களிடம் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, தீட்டிய தானியங்களை அதிகம் உண்டவர்களிடையே மனச்சோர்வு கூடுதலாகவும், நார்ப்பொருளை அதிகம் உண்டவர்களிடையே குறைவாகவும் இருந்ததைக் கண்டது. எனினும் அது தொடர்பைத்தான் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒரு படி மேலே சென்றது. மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு முழுத்தானியம், பருப்பு, மரக்கறி, மீன் ஆகியவை கொண்ட உணவுமுறையை 12 வாரங்கள் கற்பித்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயிலிருந்து மீண்டனர். பேச்சுத்துணை மட்டும் பெற்ற மற்றப் பகுதியினரில் அவ்வாறு மீண்டவர்கள் 8 வீதத்தினரே.

நெல்லின் தவிட்டிலும் முளையிலும்தான் நார்ப்பொருள், மக்னீசியம், தயமின் எனப்படும் விற்றமின் பி1 ஆகியவற்றின் பெரும்பங்கு இருக்கிறது. தயமின் குறைந்தால் நரம்புகள் நலிவதோடு எரிச்சலும் மறதியும் வரும். நார்ப்பொருளைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து உண்டாக்கும் கொழுப்பமிலங்கள், மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்படும் அழற்சியைத் தணிக்கின்றன; குடலுக்கும் மூளைக்கும் இடையிலான இந்த வழி இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

சிவப்பரிசியின் நிறம் தவிட்டிலேயே இருப்பதால், வெள்ளையாகத் தெரியும்வரை தீட்டிய அரிசிக்குச் சிவப்பரிசி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். நெல்லைப் புழுக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி தீட்டிய பின்னும் அதில் ஒரு பங்கைக் காத்துக்கொள்கிறது. நம் முன்னோரின் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். குரக்கன் (கேழ்வரகு) புட்டையும் நான் விரும்பிச் சொல்வேன். ஆனால் அதோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் குரக்கனையும் அளவோடுதான் உண்ண வேண்டும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் உணவை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது என்பதை அந்தத் தாய்க்கும் அழுத்திச் சொன்னேன். மாத்திரையைத் தொடர்ந்தவாறே, காலபோக அறுவடைக்குப் பின் கிளினிக்குக்கு வந்தபோது, நெல்லை முழுவதும் விற்காமல் ஒரு மூடையை வைத்து, அதை அவித்து, மில்லில் சிவப்புப் போகாமல் தீட்டச் சொன்னதாகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பின்னேரங்களில் தன்னோடு சாப்பிட வருவதாகவும் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.