கொடுவாவின் முதுகெலும்பும் ஒரு சிறு மூடியும்

"வளர்ப்பு மீனுக்கு ஊசி போட்டுத்தான் பருக்க வைக்கிறார்களாமே, வாங்கலாமா?" என்று வேளச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். சிந்தாதிரிப்பேட்டையில் கொடுவா வாங்கும்போது பக்கத்தில் நின்றவர் சொன்னாராம்.

நார்வேயில் சால்மன் குஞ்சுகளுக்கு ஊசி போடுவது உண்மை. அது நோய்த் தடுப்பூசி. மீனைப் பருக்க வைப்பது தீவனம்தான்: மீன்தூள், சோயாப் புண்ணாக்கு, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள், சில பண்ணைகளில் நன்மை செய்யும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டின் செல்சுவரும். இவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது வைட்டமின் சி.

ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது, கொடுவாவாலும் கட்லாவாலும் முடியாது. அதைச் செய்யும் நொதி நம் முன்னோரிடமும் அவற்றின் முன்னோரிடமும் தனித்தனியே தொலைந்துபோனது.

எலும்புக்கும் தோலுக்கும் உறுதி தரும் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற புரதம். முறுக்கு நெகிழாமலிருக்க, அதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தோடு ஆக்சிஜன் சேர வேண்டும். சேர்த்துவைக்கும் நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது அவ்வப்போது எலக்ட்ரானை இழந்து முடங்கிவிடும். வைட்டமின் சி தன் எலக்ட்ரானைக் கொடுத்து அதை மீண்டும் வேலைக்கு அனுப்புகிறது. வைட்டமின் கிடைக்காவிட்டால் நமக்கு ஈறில் ரத்தம் கசியும். மீன்குஞ்சுக்கு முதுகெலும்பே வளைந்துவிடும்.

ஆனால் இந்தக் கொடைக்குணமே தீவன ஆலையில் வினையாகிறது. நீராவிச் சூட்டிலும், மூட்டையில் கிடக்கும் நாட்களிலும், வைட்டமின் தன் எலக்ட்ரான்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் பறிகொடுத்துவிடும். வேதியியலாளர்கள் கண்ட வழி எத்தனை அழகு! மூலக்கூறின் இரண்டாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை மூடிபோல் பொருத்தினார்கள். மூடி இருக்கும்வரை ஆக்சிஜனால் எளிதில் நெருங்க முடியாது. மீனின் குடலிலோ பாஸ்பேட்டைக் கத்தரிக்கும் நொதி இயல்பாகவே இருக்கிறது. திறவுகோலை மீனே வைத்திருக்கிறது!

கோடையில் இது இன்னும் முக்கியம். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மூச்சுக்குத் திணறும் மீனின் உடலில், நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் ஏறும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றல் பிழைத்திருக்கவே செலவாகும், நோய் எதிர்ப்பும் தளரும். செல்களைத் தாக்கும் ஆக்சிஜனேற்றிகளைத் தணிக்க வைட்டமின் சி உதவும். ஆனால் அழுகிய குட்டைக்கு எந்த வைட்டமினும் மாற்றாகாது. நல்ல தண்ணீருக்கு அடுத்துத்தான் மற்றதெல்லாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, நோய் வந்தபின் கணக்கில்லாமல் கொட்டும் ஆன்டிபயாட்டிக்குக்கு. அதைத் தவிர்க்கும் தீவனங்களைச் சோதிக்கப் பல பருவங்கள் பிடிக்கும். 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நம் சென்னையில்தான் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தடையின்றிப் பணம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்மா, ஊசிக்குப் பயந்து கொடுவாவை ஒதுக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் நடுமுள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது நேராக நிற்பதில் அந்த மூடிக்கும் பங்கு உண்டு.